"மாடு படுத்துருச்சு... உடனே வாங்க சார்!" - நாமக்கல் மாட்டாஸ்பத்திரி டாக்டர்கள் படும் பாடு

நாமக்கல்:

"சார், மாடு படுத்துருச்சுங்க. எந்திரிக்கவே மாட்டேங்குது. உடனே வாங்க சார்..."

விடிந்தும் விடியாத நேரத்தில் வரும் இந்த போன்தான் கால்நடை டாக்டர்களுக்கு அலாரம். சட்டையை மாட்டிக்கொண்டு, மருந்துப் பையை பைக் டேங்க் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினால், அன்றைய பொழுது எந்த ஊர் கட்டுத்தரையில் முடியும் என்று அவர்களுக்கே தெரியாது.

நாமக்கல் என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஆஞ்சநேயர் கோவில், முட்டை, லாரி. ஆனால் கோழியும், மாடும், ஆடும் இல்லாவிட்டால் இந்த மாவட்டத்தில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. புதன்சந்தையில் வாரா வாரம் கூடும் மாட்டுச்சந்தைக்கு கேரள வியாபாரிகள் வந்து குவிகிறார்கள். இத்தனை கால்நடைகளுக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் யார், எப்படி வேலை பார்க்கிறார்கள், எப்போது கூப்பிட வேண்டும் என்பது மாடு வைத்திருப்பவர்களில் பலருக்கே சரியாகத் தெரிவதில்லை. இதுபற்றிய விவரம் வருமாறு:-

யார் டாக்டர்?

மாட்டாஸ்பத்திரிக்குள் நிற்கும் எல்லோரையும் "டாக்டர்" என்றுதான் கிராமத்தில் கூப்பிடுவார்கள். உண்மையில் டாக்டர், கால்நடை உதவி மருத்துவர் மட்டும்தான். "உதவி" என்று போட்டிருப்பதால் பெரிய டாக்டர் வேறு யாரோ உள்ளே இருக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்தான் அந்த ஆஸ்பத்திரிக்கே முழு டாக்டர். கால்நடை ஆய்வாளர் என்பவர் முதலுதவி, சினை ஊசி, தடுப்பூசி பணிகளைப் பார்ப்பவர். கால்நடை பராமரிப்பு உதவியாளர், மாட்டைக் கட்டுவது முதல் மருந்து எடுத்துக் கொடுப்பது வரை கூடமாட நிற்பவர்.

டாக்டராக பி.வி.எஸ்சி. படிப்பை ஐந்தரை வருஷம் படிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பவர் மனுஷன் ஒருவனின் உடம்பைத்தான் படிக்கிறார். இவர்கள் மாடு, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி என்று அத்தனை உடம்பையும் படித்தாக வேண்டும். மாட்டுக்கு வயிறு நான்கு அறை. கோழிக்கு பல்லே கிடையாது, அரவைப் பைதான். நாய்க்கு கொடுக்கிற மருந்தெல்லாம் பூனைக்கு ஆகாது. நமக்கு சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். படித்து முடித்து, டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதித்தான் அரசு வேலைக்கு வர முடியும்.

1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை டாக்டர் தவிர வேறு யாரும் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. முதலுதவி, தடுப்பூசி போன்ற சின்னச் சின்ன வேலைகளை மட்டும் பயிற்சி பெற்றவர்கள், அதுவும் டாக்டரின் மேற்பார்வையில், செய்யலாம். சட்டம் அப்படி. கிராமத்தில் நடப்பது வேறு. பையில் நாலு ஊசியை வைத்துக்கொண்டு பைக்கில் சுற்றும் ஆசாமிகள் எல்லா தாலுகாவிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டவுடன் வருகிறார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் ஜனங்கள் அவர்களை விடுவதில்லை.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

ஊருக்குள் இருப்பது கால்நடை கிளை நிலையம். அதற்கு மேலே கால்நடை மருந்தகம், அதற்கும் மேலே கால்நடை மருத்துவமனை, பெருமருத்துவமனை, பன்முக மருத்துவமனை என்று படிப்படியாகப் போகும். அங்கேயும் முடியாத கேஸ்கள் மோகனூர் ரோட்டில் லத்துவாடியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வருகின்றன. 1985-ல் தொடங்கப்பட்ட கல்லூரி இது. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் அங்கே உண்டு. டெம்போவில் மாட்டை ஏற்றிக்கொண்டு வெளி மாவட்டத்தில் இருந்தும் வருகிறார்கள்.

5 ஆயிரம் மாட்டுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று தேசிய விவசாய கமிஷன் 1976-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் எடுத்த கால்நடை கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாடு மட்டும் சுமார் 95 லட்சம். வெள்ளாடு கிட்டத்தட்ட 99 லட்சம், செம்மறி 45 லட்சம். கோழி 12 கோடி. பக்கத்து மருந்தகத்தில் டாக்டர் இல்லையென்றால் அதையும் கூடுதல் பொறுப்பு என்று இவர் தலையில்தான் கட்டுவார்கள். காலையில் ஒரு ஊர், மத்தியானம் இன்னொரு ஊர். "டாக்டரை ஆஸ்பத்திரியில பாக்கவே முடியலீங்க" என்று ஜனங்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. அந்த டாக்டர் அந்நேரம் வேறொரு கட்டுத்தரையில் தோள்பட்டை வரை கையை விட்டுக்கொண்டு நிற்பார் என்பதும் நிஜம்.

சினை ஊசி: நேரம் தப்பினால் 21 நாள் போச்சு

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் சேருவது பெரும்பாலும் சினை ஊசிக்குத்தான். மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனுக்குள் இருக்கிறது காளையின் உறைவிந்து. ஜூஸ் உறிஞ்சுகிற ஸ்ட்ரா மாதிரி, ஆனால் அதைவிட மிக மெல்லிய குச்சி. உள்ளே இருப்பது கால் மில்லிதான். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்து, உடனே செலுத்திவிட வேண்டும்.

இதில் டாக்டரின் கைவேலை பாதி என்றால், மாட்டுக்காரரின் கண் பாதி. மாடு விடாமல் கத்துவது, மற்ற மாட்டின் மேல் தாவுவது, பின்னால் கண்ணாடி போல் கோழை தொங்குவது... இதெல்லாம் சினைப்பருவ அறிகுறி. காலையில் இதைப் பார்த்தால் அன்று சாயந்திரம் ஊசி போட வேண்டும். சாயந்திரம் பார்த்தால் மறுநாள் காலை. பார்த்தவுடனே ஓட்டிக்கொண்டு வருவதும் தப்பு, "நாளைக்கு சந்தைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்று விடுவதும் தப்பு. விட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் தீவனச் செலவு கையை விட்டுத்தான் போகும்.

ஊசி போட்ட பிறகு மாடு கத்தவில்லை என்றாலே சினை என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். இரண்டு, மூன்று மாசத்தில் டாக்டரிடம் காட்டி சினைப் பரிசோதனை செய்தால்தான் உறுதி. ஆறு மாசம் சினை மாடு என்று நம்பி வளர்த்து, கடைசியில் வெறும் வயிறு என்று தெரிந்து தலையில் கை வைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

காய்ச்சலே இல்லாத பால் காய்ச்சல்

விடியற்காலை போனில் பெரிய பங்கு பால் காய்ச்சலுக்குத்தான். பேர்தான் காய்ச்சல். தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருக்கும். நல்லா பால் கறக்கிற கலப்பின மாடு, மூன்றாவது நான்காவது ஈற்று, கன்று போட்டு ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருக்கும். திடீரென்று தள்ளாடி, படுத்து, கழுத்தை ஒரு பக்கமாக வளைத்து வயிற்றின் மேல் தலையைச் சாய்த்துக்கொள்ளும். காது ஐஸ் மாதிரி இருக்கும்.

என்ன நடக்கிறது? கன்று போட்டவுடன் மடியில் பால் பொங்கி இறங்குகிறது. அந்தப் பாலுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து முழுவதும் ரத்தத்தில் இருந்து உறிஞ்சப்படுகிறது. எலும்பில் இருக்கும் சத்து அவ்வளவு வேகமாக ரத்தத்துக்கு வந்து சேர முடியாது. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் சதை வேலை செய்யாது. கால் நிற்காது, வயிறு அசையாது, கடைசியில் இதயமும் நின்றுவிடும்.

டாக்டர் வந்து கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டிலை ஏற்றினால், செத்துப்போகும் என்று நினைத்த மாடு பல சமயம் பாட்டில் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்கு மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனால் அதை மெதுவாக, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். வேகமாக விட்டால் அந்த மருந்தே இதயத்தை நிறுத்திவிடும். "பாட்டில் கடையில கிடைக்குதே, நாமே ஏத்திக்கலாம்" என்று ஏற்றி, கண் முன்னாலேயே மாட்டைப் பறிகொடுப்பது இப்படித்தான்.

இதைவிட அதிகமாக நடக்கும் தப்பு ஒன்று உண்டு. மாடு படுத்தவுடன் வாயைத் திறந்து மோர், கஷாயம், வெல்லத் தண்ணி என்று மூங்கில் குழாயில் ஊற்றுவது. அந்த நேரத்தில் மாட்டுக்கு விழுங்கும் சக்தியே இருக்காது. ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். பால் காய்ச்சலில் பிழைத்த மாடு, நாலு நாள் கழித்து நிமோனியாவில் சாகும். டாக்டர் வரும் வரைக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாட்டை ஒருக்களித்துச் சாய விடாமல், இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அண்டக் கொடுத்து, நெஞ்சின் மேல் உட்கார வைக்க வேண்டும். சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு அடைத்துவிடும்.

கன்று மாட்டிக்கொண்டால்...

முன்னங்கால் இரண்டும், அதன் மேல் தலையும் வைத்து வருவதுதான் சுகப்பிரசவம். தலை திரும்பிக்கொண்டாலோ, ஒரு கால் மடங்கிக்கொண்டாலோ கன்று வராது. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் போன் போட்டுவிட வேண்டும். நாலு ஆள் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தால் கன்று மட்டும் அல்ல, கர்ப்பப்பையும் கிழிந்து போகும். டாக்டர் வால் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, உள்ளே கையை விட்டு, கன்றைப் பின்னுக்குத் தள்ளி, தலையை நிமிர்த்தி, பிறகுதான் இழுப்பார். இழுப்பது கடைசி வேலை. அதுவும் முடியாவிட்டால் விலாவைத் திறந்து ஆபரேஷன்.

நஞ்சுக்கொடி விழவில்லை என்று அதில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டித் தொங்கவிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அது அறுந்து உள்ளே பாதி தங்கிவிடும். சீழ் பிடித்து, அடுத்த சினையே நிற்காமல் போய்விடும். 12 மணி நேரத்துக்கு மேல் விழவில்லை என்றால் டாக்டரிடம் சொல்வதுதான் வழி.

மரவள்ளி, சோளம், பிளாஸ்டிக்

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் மரவள்ளி இல்லாத காடு கிடையாது. கிழங்கு பிடுங்கும் சமயத்தில் ஆடு, மாடு புகுந்து இலையையும் தோலையும் தின்றுவிட்டால், அதிலிருக்கும் சயனைடு கொஞ்ச நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். மழை இல்லாமல் வாடிப்போய், கதிர் வராமல் குட்டையாக நிற்கும் சோளப் பயிரும் இதே வேலையைச் செய்யும். மாடு மூச்சுத் திணறி விழும், ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். மாற்று மருந்து டாக்டரிடம் இருக்கிறது. ஆனால் அவர் வந்து சேருகிற நேரம் வரை மாடு தாங்குவதுதான் பெரும்பாடு. இந்த விஷத்தில் டாக்டர்கள் தோற்பதுதான் அதிகம்.

பொங்கல் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி கூட்டம். மாட்டுப் பொங்கலுக்கு ஆசையாக ஊட்டிய பொங்கல்சோறும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சாதமும் மாட்டின் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். மாடு அசை போடாது, தண்ணியாகக் கழியும். பாசத்தில் வருகிற வியாதி.

டவுன் மாடுகளுக்கு பிளாஸ்டிக். 2019-ம் ஆண்டு அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பசுவின் வயிற்றில் இருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை எடுத்தார்கள். ஆபரேஷன் ஐந்தரை மணி நேரம் நடந்தது. மாட்டுக்கு உதடும் நாக்கும் நம்மைப் போல் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கேரி பேக்கில் கட்டிப் போட்ட சோற்றைப் பையோடுதான் விழுங்கும். ஆணி, கம்பி விழுங்கினால் அது வயிற்றைக் குத்திக்கொண்டு இதயம் வரை போய்விடும்.

காதில் தோடு, கழுத்தில் ஊசி

கோமாரி வந்தால் வாயிலும் குளம்பிலும் புண், எச்சில் ஒழுகும், பால் வற்றும். கன்றுக்குட்டி பாலைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழும். 2013-ம் ஆண்டு தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் கோமாரி புகுந்து ஏராளமான மாடுகள் செத்தது மாட்டுக்காரர்களுக்கு மறக்காது. 2019-ல் மத்திய அரசு தேசிய திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி வருஷத்துக்கு இரண்டு தடவை இலவசமாக ஊசி போடுகிறார்கள். காதில் 12 இலக்க எண் கொண்ட தோடும் மாட்டுகிறார்கள்.

டாக்டர்கள் மேய்ச்சலுக்கு மாடு கிளம்புவதற்கு முன்னால், இருட்டோடு வந்து நிற்பது இதற்காகத்தான். ஆனாலும் "ஊசி போட்டா பால் கொறையும், வேண்டாம் சார்" என்று கேட்டைச் சாத்துகிறவர்கள் உண்டு. ஒன்றிரண்டு நாள் பால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். நோய் வந்தால் அந்த ஈற்றுக்கே பால் போய்விடும். ஒரு தெருவில் நாலு வீடு ஊசி போடாமல் விட்டால் மீதி வீட்டுக்கும் ஆபத்து.

டாக்டர் உயிருக்கும் உலை

மாடு உதைப்பது, கொம்பால் தூக்குவது எல்லாம் வெளியே தெரிகிற ஆபத்து. தெரியாத ஆபத்து வேறு. கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லா இருக்கும் மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொட்டால் அந்தக் கிருமி மனுஷனுக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, மாசக்கணக்கில் படுக்கை. அந்த நோய்க்கு 4 முதல் 8 மாத கிடேரிக் கன்றுக்குப் போடும் தடுப்பு மருந்தே உயிருள்ள கிருமிதான். கன்று துள்ளி ஊசி டாக்டர் கையில் ஏறிவிட்டால் அவரே நோயாளி.

வெறிநாய்க்கடி இன்னும் மோசம். வெறி பிடித்த மாடு விழுங்க முடியாமல் எச்சில் வடித்துக்கொண்டு நிற்கும். பார்த்தால் தொண்டையில் மாங்கொட்டையோ கிழங்கோ சிக்கியது மாதிரியே இருக்கும். மாட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்திருப்பார், பிறகு டாக்டரும் கையை விடுவார். அதனால்தான் கால்நடை டாக்டர்கள் நாய் கடிக்காமலேயே முன்கூட்டி ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். எச்சில் வடிக்கும் மாட்டை நாய் கடித்ததா என்று கேட்டால், கோபப்படாமல் உள்ளதைச் சொல்வது நல்லது. மாட்டுக்காரர் வீட்டு ஆட்களும் அன்றே ஊசி போட வேண்டியிருக்கும்.

திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசன வாயிலும் ரத்தம் வடிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த மாட்டைக் கண்டிப்பாக அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது. காற்றுப் பட்டால் கிருமி விதை மாதிரியாகி மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். டாக்டர்களே இதற்கு பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. ரத்தத் துளியை மட்டும் பார்த்து, ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்வார்கள்.

வலி ஊசியும் கழுகும்

முன்பெல்லாம் மாட்டுக்கு வலி என்றால் டைக்ளோபினாக் ஊசிதான். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவையும் தடை ஆயின. இப்போது படித்த டாக்டர்கள் எழுதுவது மெலாக்சிகம். பைக் ஆசாமியின் பையில் என்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டால், டாக்டர் சொன்ன நாள் வரை அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. அந்த மருந்து பால் வழியாகக் குழந்தைகளின் வயிற்றுக்குப் போகும். இதைச் சொல்லும்போது மட்டும் டாக்டர் பொல்லாதவர் ஆகிவிடுகிறார்.

கூப்பிட 1962

கோழி வைத்திருப்பவர்கள் வெள்ளைக்கழிச்சல் ஊசியை கோழி தூங்கி விழும் வரை தள்ளிப்போடக் கூடாது. வந்தபிறகு அதற்கு மருந்து கிடையாது.

நடக்க முடியாத மாட்டுக்கு 1962 என்ற நம்பருக்கு போன் செய்தால் நடமாடும் கால்நடை ஆம்புலன்சுக்கு ஏற்பாடு செய்வார்கள். கட்டணம் இல்லாத நம்பர். போனில் "மாடு சரியில்லீங்க" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு எந்த மருந்தை எடுத்து வருவது என்று தெரியாது. மாடு கன்று போட்டு எத்தனை நாள், எத்தனையாவது ஈற்று, கடைசியாக எப்போது தின்றது, சாணி போட்டதா, வயிறு இடது பக்கம் உப்பியிருக்கிறதா, வேறு யாராவது ஊசி போட்டார்களா... இவ்வளவும் சொல்ல வேண்டும். வேறு ஆள் ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் அந்தக் காலி பாட்டிலையே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் வந்து இறங்கும்போது ஒரு வாளி சுடுதண்ணி, சோப்பு, நல்ல வெளிச்சம், மாட்டைப் பிடிக்க இரண்டு ஆள் தயாராக இருந்தால் போதும். ராத்திரி நேரமாக இருந்தால் ஊர் எல்லையில் டார்ச்சோடு ஒரு பையனை நிறுத்தி வையுங்கள். காட்டுப் பாதையில் வீட்டைத் தேடி அலைவதில்தான் பாதி நேரம் போகிறது.